பக்கத்துக் காடு தரிசு

பேரையூர் போகிற பஸ்ஸில் நாங்கள் பாடம் ஒப்பிப்போம். காற்று? அடிக்கவில்லை. கிணறு? தூரத்தில் இருக்கிறது. ஆடு மாடு? அந்தப் பக்கம் வராது. பக்கத்துக் காடு? தரிசு. இந்த நாலையும் தடுமாறாமல் சொல்லிவிட்டால் கடைக்காரர் களைமருந்தை எடுத்துக் கொடுத்துவிடுவார். ஒன்றில் முழித்தாலும் போச்சு, இன்னும் நாலு கேள்வி வரும், அதற்குள் நம்ம ஊர் பஸ் போய்விடும். கடைவீதியில் அவர் வைத்திருந்தது உரக்கடைதான். ஆனால் எங்கள் ஊரில் யாரும் அதை உரக்கடை என்று சொன்னதில்லை. "வக்கீலு கடைக்குப் போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்வோம்.

எனக்கு அவரைப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது அவரைப் பற்றிப் பேசும்போது ஊரே உச்சுக் கொட்டுகிறது, நானும் கொட்டுகிறேன், எல்லாம் வேஷம். அன்றைக்கு அந்த மனுஷனைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். பெண் பார்க்க வந்த இடத்தில்கூட என்னிடம் யாரும் அத்தனை கேள்வி கேட்டதில்லை.

சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டில் பொத்தானை மாட்டியிருப்பார். கடைக்குள் பச்சைத்தண்ணீர் குடிக்க மாட்டார். டீ வந்தால் கிளாஸை வாங்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய் எதிர்க்கடை டெய்லரின் பெஞ்சில் உட்கார்ந்து குடிப்பார். அதற்கு முன்னால் குழாயடியில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்ப்பார். ஒருதரம் கழுவினால் போதாது, மூன்று தரம். "பிரசவம் பாக்கப் போறாருடி டாக்டரு" என்று நாங்கள் வரிசையில் நின்று சிரிப்போம். அவர் காதில் விழும். ஒருநாளும் கோபப்பட்டதில்லை.

இப்படிப்பட்ட ஆள் எதற்கு மருந்துக்கடை வைக்க வேண்டும் என்று நான் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன்.

"நான் வைக்கலைன்னா கேள்வி கேக்காதவன் வைப்பான்மா" என்றார்.

மருந்தே கூடாது என்கிற கட்சி இல்லை அவர். அதையும் சொல்ல வேண்டும். ஒருதரம் மதுரையிலிருந்து ஒரு பேங்க் சார் வந்திருந்தார். கீழக்குயில்குடிப் பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கி, மருந்து இல்லாமல் விவசாயம் செய்வதாகச் சொன்னார். யாருக்கோ துணையாக வந்தவர், கடையில் நின்றபடி மண்ணைக் கொல்கிறீர்கள், புழுவைக் கொல்கிறீர்கள், தேனீயைக் கொல்கிறீர்கள் என்று அரைமணி நேரம் பேசினார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் என்னைக் காட்டினார்.

"சார், இந்தப் புள்ள மூணு ஏக்கர் வச்சிருக்கு. வீட்டுக்காரர் வில்லாபுரத்துல பாத்திரக்கடையில நிக்கிறாரு, ஞாயித்துக்கிழமை வந்து தலையக் காட்டுவாரு. களையெடுக்க ஆள் இல்ல. ஊர்ப் பொம்பளைக அம்புட்டுப் பேரையும் விடிஞ்சதும் மில்லு வேன் அள்ளிட்டுப் போயிருது. மிச்சம் இருக்கறதுக நூறு நாள் வேலைக்குப் போயிருதுக. இது ஒத்தையாக் குனிஞ்சு இந்தக் கடைசிக்குப் போறதுக்குள்ள அந்தக் கடைசியில மறுபடியும் முளைச்சுருது. இடுப்பு ஒடியறதும் வெசந்தான் சார். கொஞ்சம் மெதுவாக் கொல்லும், அம்புட்டுத்தான்."

பேங்க் சார் ரோட்டுக்கு இறங்கிப் போய் நின்றுகொண்டார். எனக்கு அன்றைக்கு ஒருநாள் மட்டும் அவரைப் பிடித்திருந்தது. "நல்லாச் சொன்னீங்கண்ணே" என்றேன். உடனே என் பக்கம் திரும்பி, "சரிம்மா, போன தடவை வாங்கிட்டுப் போன பாட்டிலை என்ன செஞ்ச? ஓடையில எறிஞ்சியா?" என்று ஆரம்பித்துவிட்டார். ஓடையில்தான் எறிந்திருந்தேன். இல்லை, குழி தோண்டிப் புதைத்தேன் என்றேன். நம்பினாரோ என்னமோ.

இன்னொரு தரம் ஒரு பெரியவர் காலி கலர் பாட்டிலைக் கொண்டுவந்து, கால் லிட்டர் ஊற்றிக் கொடுங்கள், முழுப் பாட்டில் எனக்கு வேண்டாம் என்றார். மற்ற கடைகளில் ஊற்றிக் கொடுப்பார்கள். இவர் அந்த பாட்டிலை வாங்கி, தரையில் போட்டு, செருப்புக் காலால் மிதித்து நசுக்கினார். "வீட்டுல புள்ளைக இருக்கா? செவுத்துப் பொறையில இதைப் பாத்துட்டு கலருன்னு நினைச்சு எடுத்துக் குடிச்சா நீரு போயித் தூக்குவீரா, நான் வந்து தூக்கவா?" என்று கத்தினார். அவர் கத்தி நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான். பெரியவர் திட்டிக்கொண்டே பக்கத்துக் கடைக்குப் போனார். அங்கே ஊற்றிக் கொடுத்திருப்பார்கள்.

ஒருநாள் வரிசையில் எனக்கு முன்னால் ஒருத்தர் நின்றார். நல்ல வெள்ளைச் சட்டை, சவரம் செய்த முகம். களைமருந்து ஒரு பாட்டில் வேண்டும் என்றார்.

"என்ன வெள்ளாமைண்ணே?"

அந்த ஆள் பாக்கெட்டிலிருந்து ரூபாயை எடுத்து மேஜையில் வைத்தார்.

"பயிருக்கு எத்தன நாளு ஆகுது?"

அதற்கும் பதில் இல்லை. ரேக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். இவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். எழுந்து வந்து அந்த ஆளின் தோளில் கையைப் போட்டு வெளியே கூட்டிப்போனார். ஷட்டரை இழுத்து விட்டார். "எல்லாரும் நாளைக்கு வாங்கப்பா" என்று சொல்லிவிட்டு, அவரைத் தன் மொபெட்டின் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போய்விட்டார். எங்களுக்கு வந்ததே ஆத்திரம். பஸ் காசு வீண், ஒருநாள் வீண். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வீடு வந்தோம். அந்த வெள்ளைச் சட்டைக்காரரைப் போன வருஷம் பொங்கல் திருவிழாவில் பார்த்தேன். பேத்திக்குப் பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆள் எதற்காக மருந்து கேட்டார் என்று பின்னால் விளங்கியபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. அவரிடம் கேட்டது சரி, நல்லாயிருக்கிற என்னிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அந்த வருஷம் புரட்டாசி மழைக்கு மூணு ஏக்கரிலும் மக்காச்சோளம் போட்டிருந்தேன். அதற்கு முந்தின ரெண்டு வருஷமும் வெள்ளாமை கைக்கு வரவில்லை. ஒரு வருஷம் மழை இல்லை, ஒரு வருஷம் பன்றி. "இந்தத் தடவையும் போச்சுன்னா காட்டை பிளாட்டுக்காரன்கிட்டக் குடுத்துட்டு வில்லாபுரத்துக்கு வந்துரு" என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காட்டை விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? வில்லாபுரத்து ஒற்றை அறையில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க நான் பிறக்கவில்லை. அதனால் அந்தச் சோளம் எனக்கு வெறும் சோளம் இல்லை.

பயிர் முழங்கால் உயரம் வந்தபோது சாரணை மண்டியது. சாரணை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், தரையோடு தரையாகப் படர்கிற அகல இலைக் களை. பிடுங்கினால் வேர் உள்ளே நிற்கும், மழை பெய்தால் மறுநாளே பச்சை கட்டும். நாலு நாள் தனியாகக் குனிந்து பிடுங்கினேன். ஐந்தாம் நாள் எழுந்திரிக்க முடியவில்லை. வரப்புக்கு மேற்கே பருத்தி போட்டிருந்த அக்காதான் கை கொடுத்துத் தூக்கிவிட்டது.

அந்த அக்காவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்களுக்குப் பங்காளி வீடு. காட்டுக்கு வரும்போது தூக்குவாளியில் காப்பி கொண்டு வந்தால் எனக்கும் ஒரு டம்ளர் சேர்த்துக் கொண்டுவரும். அந்த வருஷம் அதன் பருத்தி பார்க்கக் கண் கொள்ளாது. இடுப்பு உயரம், செடிக்குச் செடி சப்பை. பூவுக்கு முந்தின மொட்டைத்தான் நாங்கள் சப்பை என்போம்.

சாரணைக்கு என்ன மருந்து என்று எனக்கும் தெரியும். மக்காச்சோளத்தை ஒன்றும் செய்யாது, அகல இலையாக எது இருந்தாலும் சாகும். பருத்தியும் அகல இலைதான். போன வருஷமே அவர் இன்னொருத்தரிடம் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். "இது பருத்திக்கு எமன்பா. மேல பட வேணாம், காத்துல வாடை போனாலே போதும். பக்கத்துல பருத்தி இருந்தா இதைத் தொடாத" என்றார். எல்லாம் தெரிந்துதான் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர் ஒருத்தர், முறைக்கு அண்ணன், பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "பருத்தி இருக்குன்னு சொல்லித் தொலைச்சிராத. அப்புறம் அவரு மருந்து குடுத்த மாதிரிதான். தரிசுன்னு சொல்லு. நாங்கள்லாம் என்னத்தச் சொல்றோம்? தரிசுதான். இந்த வக்கீலு கணக்குப்படி நம்ம ஊர்ல வெள்ளாமையே கிடையாது, அம்புட்டும் தரிசு" என்றார். முன் சீட்டுக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடையில் கூட்டமில்லை. நிதானமாகக் கேட்டார்.

"கிழக்க என்ன இருக்கு?"

"பாதைண்ணே."

"மேக்க?"

"தரிசுண்ணே."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "கீகாத்து அடிக்கிற மாசம்மா இது. மேக்கதான் இழுத்துட்டுப் போகும். நல்லா யோசிச்சுச் சொல்லு. தரிசுதான?"

"கருவேல முள்ளு மண்டிக் கெடக்குண்ணே. வேணும்னா வந்து பாருங்க."

நாக்குக் கூசாமல் சொன்னேன். வேணும்னா வந்து பாருங்க என்பதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அது என் சொந்தச் சரக்கு. அவர் எழுந்து போய் மருந்தை எடுத்து வந்தார். எத்தனை மூடி, எத்தனை டேங்க், வாயில் துணி கட்டச் சொல்லு, அடிக்கிற ஆளை வெறும் வயிற்றோடு அனுப்பாதே என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பினார்.

மறுநாளே ஆள் விட்டு அடித்தேன். காலையில் காற்று இல்லை. பத்து மணிக்கு மேல் கிழக்கேயிருந்து லேசாகக் கிளம்பியது. நிறுத்தச் சொல்லியிருக்கலாம். மேற்கு ஓரத்தில் பத்துச் சால்தான் பாக்கி. அந்தப் பத்துச் சாலை விட்டுவிட்டு நான் கையால் பிடுங்கியிருக்கலாம். டேங்கில் மருந்து மிச்சம் இருந்தது. "அடிச்சு முடிச்சிருப்பா" என்றேன்.

சாரணை மூணாம் நாள் முறுக்கிக்கொண்டு செத்தது. ஆறாம் நாள் அக்கா என்னை வரப்புக்குக் கூப்பிட்டது. "ஏத்தா, இங்க வந்து பாரேன், என் பருத்தி என்னமோ போல இருக்கு." போய்ப் பார்த்தேன். விரித்த கை போல இருக்க வேண்டிய இலை, வெண்டை இலை மாதிரி விரல் விரலாகப் பிரிந்து சுருங்கியிருந்தது. கொழுந்து கீழே பார்த்துச் சுருண்டிருந்தது. அடியில் சப்பை கொட்டிக் கிடந்தது. வரப்போரத்திலிருந்து பாதிக் காடு வரைக்கும் அப்படித்தான். அக்கா ஒரு சப்பையைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே, "இது என்ன சீக்குத்தா?" என்று கேட்டது.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "எனக்கென்னக்கா தெரியும், கடைக்காரரு குடுத்ததத்தான் நான் அடிச்சேன்."

அது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீ என்னத்தா செய்வ? படிச்சவன்னு நம்பிக் கேக்கோம், அவன் என்னத்தையோ எடுத்து நீட்டிட்டான்" என்று என்னைத்தான் தேற்றியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் பிடுங்கின செடிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு அக்காவும் ஊர்க்காரர்கள் எட்டுப் பத்துப் பேரும் பேரையூருக்குக் கிளம்பினார்கள். மருந்து வாங்கினவள் நான்தான் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். அந்த அண்ணனும் வந்தார். அன்றைக்கு பஸ்ஸில் யாரும் பாடம் ஒப்பிக்கவில்லை.

சாக்கை அவர் மேஜைமேல் கொட்டினார்கள். ஆளாளுக்குக் கத்தினார்கள். அவர் ஒரு இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடுத்த நொடியே அவருக்கு விளங்கிவிட்டது. கூட்டத்தில் கண்ணால் தேடி என்னைக் கண்டுபிடித்தார்.

"ஏம்மா, மேக்க தரிசுன்னுதான சொன்ன?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அக்காவும் திரும்பியது. அந்த ஒரு நொடியில் எனக்கு முன்னால் என்னென்னவோ வந்தது. அக்காவுக்கு நான் பதில் சொல்ல வேண்டும், என் சோளத்தை அறுத்து அதன் நஷ்டத்துக்குக் கொடுக்க வேண்டும், வீட்டுக்காரர் காட்டை விற்க வேண்டும், வில்லாபுரத்துக்குப் போக வேண்டும்.

"எங்கண்ணே சொன்னேன்? நீங்க கேக்கவே இல்லையே. மருந்து கேட்டேன், எடுத்துக் குடுத்தீங்க, வாங்கிட்டு வந்தேன்."

கேள்வி கேட்பதற்காகவே ஊர் பட்டப்பெயர் வைத்த மனுஷனைப் பார்த்து, நீ கேட்கவில்லை என்று சொல்கிறேன். அங்கே நின்ற ஒவ்வொருத்தருக்கும் அது பச்சைப் பொய் என்று தெரியும். அவரும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது அவர் கேட்டது.

"ஏப்பா, உங்கள்ல ஒருத்தருக்காச்சும் நான் கேக்காம மருந்து குடுத்திருக்கனா? சொல்லுங்கப்பா."

யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? கேட்டார் என்று ஒருத்தன் வாயைத் திறந்தால், நீ என்ன பதில் சொன்னாய் என்று அடுத்த கேள்வி வரும். கடைசியில் அந்த அண்ணன்தான் பேசினார். "அன்னைக்குக் கூட்டம் சாஸ்தியா இருந்திருக்கும்ணே. மறந்திருப்பீக. மனுசன்தான" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அவர் அதற்கப்புறம் வாதாடவே இல்லை. வக்கீல் என்று பெயர் வைத்தோமே, தனக்காக ஒரு வார்த்தை வாதாடத் தெரியவில்லை அந்த மனுஷனுக்கு. அக்காவின் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "உன் நஷ்டத்துக்கு நான் பொறுப்பும்மா" என்றார். சொன்னபடி கொடுக்கவும் செய்தார். அதோடு விடவில்லை ஊர். யாரோ மனு எழுதிப் போட, அதிகாரிகள் வந்து ரெண்டு வாரம் கடையைப் பூட்டி வைத்தார்கள். கேட்காமல் மருந்து கொடுக்கிற கடை என்று பெயராகிவிட்டது. உண்மையிலேயே கேட்காமல் கொடுக்கிற பக்கத்துக் கடையில் கூட்டம் அலைமோதியது.

என் சோளம் அந்த வருஷம் நன்றாக விளைந்தது. அதை மறைக்கக் கூடாது. கதிர் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, விற்கிற பேச்சை விட்டுவிட்டார். காடு இன்றைக்கும் எங்களிடம்தான் இருக்கிறது. அக்கா இன்றைக்கும் எனக்குக் காப்பி கொண்டுவருகிறது. நானும் குடிக்கிறேன், தொண்டையில் இறங்கத்தான் செய்கிறது.

அடுத்த வருஷம் அதே மாசம் மறுபடியும் சாரணை வந்தது. பக்கத்துக் கடைக்குப் போகாமல் அவர் கடைக்கே போனேன். ஏன் போனேன் என்றால், அவர் என்னைக் கேட்க வேண்டும், நான் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும். அம்புட்டுத்தான் என் திட்டம். மன்னிப்புக் கேட்கிற தைரியம் எனக்கு அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. காற்று எங்கிட்டு அடிக்கிறது என்று கேட்டால் கிழக்கேயிருந்து என்று சொல்ல வேண்டும், மேற்கே என்ன என்று கேட்டால் பருத்தி என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் அதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனேன்.

கடையில் ரெண்டு மூணு பேர்தான். இளைத்திருந்தார். மக்காச்சோளம், சாரணை என்று சொன்னேன். திரும்பி ரேக்கிலிருந்து அதே மருந்தை எடுத்து மேஜையில் வைத்தார். பில் போட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் நிமிரவில்லை.

"அண்ணே, மேக்க பருத்தி இருக்கு" என்றேன்.

"சரிம்மா."

"அந்த அக்கா மறுபடியும் பருத்திதான் போட்டிருக்குண்ணே. கீகாத்து அடிக்குது. இந்த மருந்து அடிக்கலாமா? வேற ஏதும் வாங்கணுமா?"

பில்லைக் கிழித்து பாட்டிலுக்கு அடியில் வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கென்னம்மா தெரியும்? நீ கேட்ட, எடுத்துக் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரிடம், "உங்களுக்கு என்ன வேணும்ணே?" என்றார்.